பூனைக்கு ஒரு சட்டி முளைப்பாரி

புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்று மானமுடையோரைப் பாராட்டிக் கூறுவது நம்மவர் வழக்கம். பழமொழியோடு வழக்காடுவது என் நோக்கமன்று. ஆயினும், காட்டுப் புலியின் எச்சத்தை ஆராய்ந்தவர்கள் அதில் புல்லைக் கண்டிருக்கின்றனர். புலியின் சிறிய உறவாகிய பூனையோ, வயிறு நிறைந்திருக்கும்போதும் புல்லை நாடுகின்றது. அந்தப் புல்லை வீட்டிற்குள்ளேயே வளர்ப்பது பற்றித்தான் இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

இது செல்வர் வீட்டு விளையாட்டு என்று எண்ணிவிட வேண்டா. நான் வாழ்வது பங்காருபேட்டையில். கோலார் தங்கவயலுக்குச் செல்லும் இருப்புப்பாதை இங்கிருந்துதான் மாரிக்குப்பத்திற்குப் பிரிகின்றது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சுரங்க வேலைக்கு வந்த நம் முன்னோர், வரிசை வரிசையான லைன் வீடுகளில் குடியிருந்தனர். கதவைச் சாத்தி வைக்க அங்கே தேவையும் இல்லை. சாத்தி வைப்பதற்குப் பெரிதாக உள்ளே எதுவும் இருந்ததுமில்லை. பூனை விருப்பம்போல் வெளியே சென்றது, வாய்க்கால் ஓரத்து அருகம்புல்லைக் கடித்தது, திரும்பி வந்தது. அதற்குப் புல் வளர்த்துத் தர வேண்டும் என்று எவரேனும் கூறியிருந்தால், ஊரே சிரித்திருக்கும்.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன் பின்னர், பிழைப்புக்காக நாள்தோறும் வண்டியேறி ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குச் சென்று மீள்வது பல குடும்பங்களின் வாழ்க்கையாகிவிட்டது. நானும் அவ்வாறு சென்று வருபவனே. விடியுமுன் கதவைப் பூட்டினால் இரவில்தான் திறக்கிறோம். இடைப்பட்ட பொழுதெல்லாம் பூனை நான்கு சுவர்களுக்குள் தனித்திருக்கின்றது. பெங்களூரிலும் பம்பாயிலும் டெல்லியிலும் மாடிக் குடியிருப்புகளில் வாழும் நேயர்களுக்கு இந்நிலை புதிதன்று.

பூட்டிய வீட்டில் பூனைக்குப் பச்சை நிறத்தில் அகப்படுவது எது? எங்கள் வீட்டில் அகப்பட்டது, ஜன்னலோரம் புட்டியில் நான் வைத்திருந்த மணி பிளான்ட். ஒருநாள் இரவு வந்து பார்த்தால் கொடியில் பல் பதிந்த தடங்கள். பூனை வாயைத் திறந்து எச்சில் ஒழுக மூலையில் அமர்ந்திருந்தது. அச்செடியின் சாற்றில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. அவை வாயையும் தொண்டையையும் குத்திப் புண்ணாக்கும். மறுநாள் அலுவலகத்திற்கு விடுப்பு. கால்நடை மருத்துவரிடம் ஓட்டம். பூனை பிழைத்தது. ஆனால் பூங்கொத்துகளில் வைத்து விற்கப்படும் லில்லி மலர்கள் வேறு வகை. அவற்றின் இலையோ இதழோ சிறிது உட்சென்றாலும், உடம்பில் படிந்த மகரந்தத்தை நக்கினாலுங்கூட, பூனையின் சிறுநீரகம் கெட்டு உயிர் போகக் கூடும். பூனை உள்ள வீட்டில் லில்லிக்கு இடமே தரலாகாது.

பூனை ஏன் புல்லைத் தின்கிறது? நோய் கண்டால் வாந்தியெடுப்பதற்காகத் தின்கிறது என்பது நெடுநாள் நம்பிக்கை. அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்து அறிஞர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பூனை வளர்ப்போரிடம் கேட்டறிந்து, 2019-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பெரும்பாலான பூனைகள் புல்பூண்டு தின்பவை. தின்னுமுன் அவற்றில் மிகப் பலவற்றிற்கு நோயின் அறிகுறியே இல்லை. தின்றபின் அடிக்கடி வாந்தியெடுப்பவை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கே. குடற்புழுக்களை வெளியேற்றுவதற்காகக் காட்டு முன்னோரிடம் அமைந்த இயல்பு இன்றும் எஞ்சியிருக்கிறது என்பது அவர்கள் கருத்து. எனவே இதை நோயென்று கருதித் தடுப்பதைவிட, தீங்கற்ற புல்லை முன்னே வைப்பதே அறிவுடைமை.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் ஆதலால் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றொரு பெயர் உண்டு. அதன் வேரைத் தோண்டிப் போட்டால், பூனை அதன்மேல் முகத்தைத் தேய்த்துப் புரண்டு மயங்கும். மேல்நாட்டார் கேட்நிப் என்னும் செடியில் கண்ட அதே வேடிக்கையை நம்மவரும் கண்டு, பெயரும் இட்டுவிட்டனர். ஆனால் அது களிப்பூட்டும் செடி. நாம் கூறும் புல் வேறு.

நாம் கூறும் புல் வெறும் கோதுமை நாற்றே. அதை வளர்க்கும் கலையை நம் தாய்மாருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அம்மன் திருவிழாவிற்கு முளைப்பாரி போடுவது போன்றதுதான் இது. மளிகைக் கடையில் உண்பதற்காக விற்கும் முழுக் கோதுமையில் இரண்டு கைப்பிடி எடுத்து, இரவு முழுதும் ஊற வையுங்கள். அடியில் துளையுள்ள அகன்ற மண்சட்டியில் இரண்டு அங்குல உயரம் தென்னை நார்த்தூளோ தூய மண்ணோ இட்டு, கோதுமையை நெருக்கமாகப் பரப்பி, மேலே மெல்லியதாகத் தூவி மூடுங்கள். நீரைக் கையால் தெளித்தால் போதும். கோலார் வட்டாரத்தில் தண்ணீரின் அருமை தெரியாதவர் யார்! மேலும், நீர் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் கண்ட சட்டியைப் பூனைக்குக் காட்டாமல் கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று நாளில் முளை எழும். முளைப்பாரியை இருட்டில் வைத்து வெளிறிய மஞ்சள் நிறமாக வளர்ப்பர். இதையோ முளை கண்டவுடன் ஜன்னல் வெளிச்சத்திற்குக் கொணர வேண்டும். விரலளவு உயர்ந்ததும், அதாவது ஒரு வாரம் பத்து நாளில், பூனையின் முன் வைக்கலாம். மார்கழிக் குளிரில் இன்னும் சில நாள் கூடும். ஒரு சட்டி பழுக்கத் தொடங்குமுன் அடுத்த சட்டியை விதைத்துவிட்டால் இடைவெளி நேராது.

இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். விதைக்கடையில் நடவுக்கென விற்கும் விதையை வாங்கலாகாது. அதில் மருந்து பூசியிருப்பர். இளஞ்சிவப்பாய் அழகாக இருக்கிறதே என்று நானே ஒருமுறை வாங்கி வந்து, அண்டை வீட்டு விவசாயி ஒருவர் பார்த்துக் கூறியபின் எறிந்தேன். அடுத்து, சோளம் வேண்டா. இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு மாள்வதை உழவர் அறிவர். அந்த இளந்தளிரில் சயனைடு நஞ்சு உண்டாகின்றது. பொன்னைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்திய மண்ணின் மக்களுக்கு அச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. ஆலைக் கழிவு குவிந்த அந்த வெளிறிய மேடுகள் இன்றும் தங்கவயலில் நிற்கின்றன. அவ்விடத்து மண்ணையும் சட்டிக்கு எடுக்கலாகாது.

புல்லை வைத்துவிட்டதால் தயிர்ச்சோறு மட்டும் போட்டால் போதும் என்று எவரும் கருத வேண்டா. பூனை ஊனுண்ணும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்னும் சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். புல் தின்று என்றோ ஒருநாள் வாந்தியெடுத்தால் அஞ்ச வேண்டுவதில்லை. திரும்பத் திரும்ப எடுத்து, உணவையும் மறுத்தால் மருத்துவரிடம் செல்லத் தாமதிக்கலாகாது.

எங்கள் வீட்டு மணி பிளான்ட் இப்போது வாசற்கதவுக்கு வெளியே, உயரத்தில் தொங்குகின்றது. ஜன்னலோரம் கோதுமைச் சட்டி இருக்கின்றது. நேற்றிரவு வண்டி தாமதித்து, பத்து மணிக்குமேல் கதவைத் திறந்தேன். நாற்றின் நுனிகள் ஒரு புறமாகக் கத்தரித்ததுபோல் குறைந்திருந்தன. பூனை சட்டியைச் சுற்றி வளைந்து படுத்திருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மீண்டும் மூடிக்கொண்டது.