காணிக்கைப் பைக்குப் பிறகு



சென்ற மாதம் காணிக்கை எடுத்து முடிந்ததும் ஒரு சிறு பிள்ளை, "அங்கிள், இந்தக் காசு எங்கே போகும்?" என்று கேட்டாள். வங்கிக்கு என்றேன். "வங்கி அதை என்ன செய்யும்?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

இதே கேள்வியை இந்த அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தில் அநேகர் கேட்டார்கள். அப்பொழுது தென்னாப்பிரிக்காவில் வெள்ளையர் அரசு கறுப்பு மக்களுக்கு வாக்குரிமை தரவில்லை. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதற்கும் சட்டம் போட்டது. டர்பன் நகரில் நம் தமிழ்க் குடும்பங்களும் அந்தச் சட்டத்தால் வீடுகளை இழந்தன.

அந்த அரசுக்குக் கடன் கொடுத்த வங்கிகளில் இங்குள்ள ஊர்களின் வரிப்பணம் இருந்தது. அங்கே தொழில் நடத்திய கம்பெனிகளின் பங்குகளில் ஆசிரியர்களின் ஓய்வூதியப் பணம் இருந்தது. 1979-ல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகர மக்கள், தங்கள் நகரின் பணத்தை அப்படிப்பட்ட வங்கிகளிலிருந்து எடுக்கும்படி வாக்களித்தார்கள். பின்பு பல நகரங்களும் மாநிலங்களும் அவ்வாறே செய்தன.

கம்பெனிகள் வெளியேறினால் கறுப்புத் தொழிலாளிக்குத்தானே வேலை போகும் என்று சிலர் கேட்டார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி அல்ல. பிலடெல்பியாவில் லியோன் சல்லிவன் என்ற பாப்டிஸ்டு போதகர், 1971-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இயக்குநர் குழுவில் சேர்ந்த முதல் கறுப்பர். கம்பெனி தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேற வேண்டுமென்று அந்த வருஷமே பங்குதாரர் கூட்டத்தில் எழுந்து பேசினார், தோற்றார். 1977-ல், அங்கே இருக்கிற கம்பெனிகள் நியாயமாய் நடக்கட்டும் என்று விதிகள் எழுதினார்: சம வேலைக்குச் சம சம்பளம், எல்லாருக்கும் ஒரே சாப்பாட்டு அறை. பத்து வருஷம் பொறுத்துப் பார்த்தார். தொழிற்சாலைக்கு வெளியே நிறவெறிச் சட்டம் நிலைத்தே நின்றது. 1987-ல், தம்முடைய விதிகள் போதவில்லை, எல்லாரும் வெளியேறுங்கள் என்று பகிரங்கமாய்ச் சொன்னார். என்னைப் போல் பேச வாய் திறக்கிறவர்களுக்கு அது லேசான காரியமல்ல.

1986-லேயே அதிபர் ரீகனின் எதிர்ப்பையும் மீறி அமெரிக்கக் காங்கிரஸ் பொருளாதாரத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. 1990-ல் மண்டேலா விடுதலையானார். அந்த நாட்டு மக்கள் சிந்திய ரத்தமே அதற்கு முதற்காரணம். இங்குள்ளவர்கள் செய்தது, எதிராளிக்குப் போன தங்கள் காசை நிறுத்தியதுதான்.

நம் கட்டட நிதி இருக்கும் வங்கி யாருக்குக் கடன் கொடுக்கிறது என்று பொருளாளரிடம் கேட்டேன். சிரித்தார், பிறகு, அடுத்த கமிட்டிக்கு விவரம் கொண்டுவருவதாகச் சொன்னார். அன்றைக்கு அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.