பூசுவதா, செங்கல்லைப் பழுது பார்ப்பதா?

(ஜூலை மாதப் பொதுக்குழுக் கூட்டத்தில் பராமரிப்புக் குழு உறுப்பினர் பேசியதன் எழுத்து வடிவம்)



கிழக்குப் பக்கச் சுவரைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பூச்சு இல்லாத அந்தச் செங்கல் முகப்பைப் பார்த்துத்தான் நம்மில் பலர் இங்கே வீடு வாங்கினோம். ஆனால் ஐப்பசி மழையில் மூன்றாம் மாடி வீட்டில் கட்டிலைச் சுவரைவிட்டு இரண்டடி தள்ளிப் போடுகிறார்கள். அங்கே கைக்குழந்தை இருக்கிறது. "முழுக்கப் பூசிவிடுங்கள் சார், தொல்லை விட்டது" என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது.

நானும் ஒருமுறை அப்படிச் செய்து கையைச் சுட்டுக்கொண்டவன். ஊரில் எங்கள் பழைய வீட்டில் ஓதம் ஏறிய சுவர்மேல் அப்படியே பூசச் சொன்னேன். இரண்டு மழைக்காலம் தாங்கியது. பிறகு பூச்சு உப்பிக்கொண்டு பாளம் பாளமாக விழுந்தது. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று நான் தேடவே இல்லை.

இந்த முறை தேடினோம். கொத்தனாரை வைத்துக்கொண்டு, கீழிருந்து மேலாக, பகுதி பகுதியாகக் குழாயில் தண்ணீர் அடித்துப் பார்த்தோம். மேலிருந்து அடித்தால் எங்கே இறங்குகிறது என்று தெரியாது. கல்லைத் தட்டினால் பெரும்பாலும் கணீரென்கிறது. கெட்டுப்போனது கல் இல்லை, கல்லுக்கு இடையிலுள்ள சாந்து. சாவியால் சுரண்டினாலே மணலாகக் கொட்டுகிறது. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரின் தலையில் நீள வெடிப்பு. மூன்றாம் மாடிக்குப் பக்கத்தில் கழிவுநீர்க் குழாய் இணைப்பிலும் கசிவு. அந்த இடத்தில்தான் கற்கள் முகம் பொரிந்து உதிர்கின்றன. சுவர் முழுக்க அப்படி உதிர்ந்திருந்தால் நானே பூசச் சொல்லியிருப்பேன்.

திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் பூசாத செங்கல்லில் கட்டவில்லையா என்று ஒருவர் கேட்டார். கட்டினார், ஆனால் கூரையை நன்றாக வெளியே நீட்டியும் விட்டார். நமக்கு இருப்பது சின்ன சன்ஷேடுதான். ஆகவே சாந்துதான் நம் குடை.

எந்த வேலைக்கும் சாரம் கட்டும் செலவு உண்டு. ஆனால் பூசிவிட்டால் சில வருடங்களுக்கு ஒருமுறை பெயின்டும் அடிக்க வேண்டும், மறுபடி சாரம். மனம் மாறிப் பூச்சைப் பெயர்த்தால் கல்லின் முகமும் சேர்ந்து பெயரும்.

என் யோசனை இது. ஆகஸ்டில் குழாயும் கைப்பிடிச் சுவரும். சுவர் காய்ந்தபின் செப்டம்பரில் உதிர்ந்த கற்களை மாற்றி, பழைய சாந்தை அரை அங்குலத்துக்கு மேல் தோண்டியெடுத்து, பாயிண்டிங். சிமென்டை அள்ளிப் போட்ட கலவை வேண்டாம். சாந்து கல்லைவிடக் கெட்டியாக இருந்தால் வெடிப்பு கல்லில் விழும். ஏழு நாளாவது தண்ணீர் காட்ட வேண்டும். அதை மேற்பார்க்க இரண்டு பேர் வேண்டும், பெயர் கொடுங்கள்.

வரும் மழையிலும் அந்த அறை நனைந்தால், அந்த ஒரு சுவரைப் பூச நானே கை தூக்குகிறேன். பூச்சுக்கு வந்த கொட்டேஷனைக் கிழிக்காமல் வைத்திருக்கிறோம்.

சாரம் இருக்கும்வரை கிழக்குப் பக்கம் வண்டி நிறுத்த வேண்டாம். இப்போது வாக்கெடுப்புக்குப் போகலாம்.