சுவர்கள் கூறும் சான்று

பத்தாண்டுகளாகக் கவிதையைப் பேணிவரும் இவ்வட்டத்தின் அன்பர்களே,

கொலம்பியா நாட்டின் மெடலின் நகரில் 1991ஆம் ஆண்டில் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 380 பேர் கொலையுண்டனர். அதே ஆண்டில்தான் அந்நகரத்துக் கவிஞர்கள் உலகக் கவிதை விழாவைத் தொடங்கினர். துப்பாக்கியின்முன் கலை என்ன செய்யும்? அந்நகரின் மேற்குக் குன்றுகளில் அமைந்த 13ஆம் வட்டாரம் இவ்வினாவிற்குத் தந்த விடையே இன்று என் பேச்சின் பொருள்.

கெரில்லாக்களின் பிடியில் இருந்த ஏழை மக்களின் குடியிருப்பு அது. 2002 மே மாதத்தில் அரசுப் படைகள் உள்ளே நுழைந்து சுட்டபோது, மக்கள் வெள்ளைத் துணிகளை அசைத்தபடி வெளியே வந்து சண்டையை நிறுத்தச் செய்தனர். அக்டோபரில் 'ஓரியோன்' என்னும் பெரும் தாக்குதல் ஹெலிகாப்டர்களுடன் நிகழ்ந்தது. கெரில்லாக்கள் அகன்றனர், சட்டத்திற்குப் புறம்பான துணைப்படையினர் வந்தமர்ந்தனர். பலர் காணாமற்போயினர். மலைச்சரிவில் கட்டட இடிபாடுகளைக் கொட்டும் மேட்டின் அடியில் தம் மக்கள் புதைக்கப்பட்டுள்ளனர் என்று தாய்மார் கூறினர். அச்சொல்லைப் பலர் நம்பவில்லை.

அவ்வட்டார இளைஞர்கள் பாட்டையும் தூரிகையையும் கைக்கொண்டனர். கொலாச்சோ என்ற ராப் பாடகர் 2009இல் கொல்லப்பட்டார். தோழர்கள் பின்னர் அவர் பெயரிலேயே கலைக்கூடம் கண்டனர். வருவோரைச் சுவரோவியங்களின் வழியே அழைத்துச் சென்று, ஊரின் கதையைத் தாமே கூறினர். 2011 டிசம்பரில் அங்கே திறந்தவெளி மின்படிகள் அமைந்தன. ஏறுவதற்கு அரிதாயிருந்த குன்று எளிதாயிற்று. இன்று உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர். அன்று அசைந்த வெள்ளைத் துணிகள் இன்று ஓவியங்களாய் நிற்கின்றன.

ஆயினும், படம் பிடித்துத் திரும்புவோருக்கு வண்ணம் மட்டுமே தெரியக்கூடும். 2024 டிசம்பரில் அந்த இடிபாட்டு மேட்டை அகழ்ந்தபோது மனித எலும்புகள் கிடைத்தன. 2025 சனவரியில் 'தாய்மார் சொன்னதே மெய்' என்ற பொருள்படும் வாசகத்தை மெடலின் நகரச் சுவரொன்றில் எழுதினர். நகராட்சி அதன்மேல் சாம்பல் நிறம் பூசியது. மக்கள் மீண்டும் எழுதினர்.

அன்பர்களே, மறைப்பதற்குப் பூசும் வண்ணமும் உண்டு; உணர்த்துவதற்குத் தீட்டும் வண்ணமும் உண்டு. இரண்டும் கண்ணுக்கு அழகாகவே தோன்றலாம். சொல்லுக்கும் இது பொருந்தும். வரும் ஆண்டுகளில் நம் கவிதை எவ்வகையைச் சாரும் என்பதை இவ்வட்டம் எண்ணிப்பார்க்க வேண்டுகிறேன்.