ஐசுக்குக் கீழே நாலு பாகை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில், ஹவுன்ஸ்லோவில் நிகழ்த்திய பேச்சு)



நான் மேடைப் பேச்சாளன் அல்ல. உயர்தரம் வரை படித்துவிட்டு வந்து, இங்கே தொழிற்சாலையில் இரவு வேலை செய்பவன். எனக்குத் தெரிந்த ஒரு மீன்பிடியைப் பற்றிச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் மயிலிட்டி. 1990 ஆனியில் சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது நான் கைக்குழந்தை. வள்ளத்தையும் வலையையும் விட்டுவிட்டு வந்த என் சித்தப்பா, கடைசியில் நோர்வேயின் வடகோடியிலே பின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நாளில் எங்கட ஆக்கள் பலர் அங்கேதான் மீன் வெட்டினார்கள். பிறகு தெற்கே பேர்கனுக்கு வந்துவிட்டார்.

2019 மாசியில் அவரிடம் போனேன். ஹர்டாங்கர்விடா என்ற மலைத்தரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏரி முழுக்க வெள்ளை. எது கரை, எது தண்ணீர் என்று தெரியாது. நான் நேரே நடக்கப் போக, கையைப் பிடித்து இழுத்தார்.

“பொறடா. முதல்லை கேக்கோணும்.”

நீட்டுத் துறப்பணத்தாலே கரையோரம் ஒரு துளை போட்டு, ஐசின் தடிப்பை அளந்தார். சில அடி தள்ளி இன்னொரு துளை, மறுபடி அளவு. வெண்மை கலக்காத, கண்ணாடி போன்ற கெட்டி ஐஸ் 10 சென்ரிமீற்றராவது இருந்தால்தான் ஆள் நடக்கலாமாம். ஆறு வந்து விழுகிற இடத்துக்கும் வெளியேறுகிற இடத்துக்கும் கிட்டப் போகவே விடவில்லை. அங்கே ஓட்டம் ஐசைக் கீழேயிருந்து அரித்துவிடும். கழுத்திலே இரண்டு கூர் ஆணிப்பிடி தொங்கவிட்டிருந்தார். விழுந்தால் ஐசிலே குத்தி ஏற அது.

சல்மன் கடலில் இருந்து ஆற்றுக்கு ஏறுகிற மீன். அவ்வளவு உயரத்துக்கு வராது. அங்கே இருப்பது அதன் இனத்து ட்ரவுட். தண்ணீர் 4 பாகை செல்சியசில்தான் ஆகப் பாரம் என்று பௌதிகவியலில் பாடமாக்கியிருந்தேன். மேலே உறைந்தாலும் அடித்தண்ணீர் அந்த அளவில் நிற்கும். மீன் அங்கே சீவிக்கும். சோதனைக்குப் படித்தது, அந்தத் துளைக்கு மேலே குந்தியிருந்தபோதுதான் விளங்கியது. துளையில் படிகிற ஐசைக் கண்ணகப்பையாலே அள்ளி அள்ளி, குட்டித் தூண்டிலை மெல்ல ஆட்டி, பின்னேரத்துக்குள் மூன்று பிடித்தோம். சித்தி புளி விட்டுக் குழம்பு வைத்தா.

“கடலிலை பிறந்த உங்களுக்கு இதை ஆர் பழக்கினது?” என்று கேட்டேன்.

“கூட வேலை செய்த ஒரு நோர்வேக் கிழவர். கேக்கிறதுக்கு என்ன வெக்கம்? தெரியாத தண்ணியடா.”

இதை ஏன் இங்கே சொல்கிறேன்? 2022 மார்கழி 11ஆம் திகதி, சொலிஹலில் உறைந்த ஏரியிலே ஐஸ் உடைந்து நாலு சின்னப் பொடியன்கள் செத்துப்போனார்கள். எங்கட ஒஸ்ரலி பார்க் குளத்திலும் பெட்பொன்ட் ஏரிகளிலும் குளிருக்கு ஐஸ் படியும். பார்க்கக் கெட்டி, நம்ப முடியாது. இங்கே யாரும் துளை போட்டு அளப்பதில்லை. பிள்ளைகளே, பந்து போனால் போகட்டும், நாய் ஓடினாலும் பின்னாலே போகாதீர்கள். யாராவது விழுந்தால் நீங்கள் இறங்க வேண்டாம். 999க்கு அடியுங்கள். கரையில் நின்று கயிறோ தடியோ நீட்டுங்கள்.

மயிலிட்டித் துறைமுகம் 2017 ஆடியில், 27 வருடத்துக்குப் பிறகு திரும்பக் கிடைத்தது. அடுத்த வருடம் சித்தப்பா போய்ப் பார்த்தார். சின்ன வயதில் நீந்திய கடல். ஆனாலும் இறங்க முந்தி, அங்கே நின்ற பெடியளிடம், “தம்பியவை, இப்ப மணல் எங்கை ஏறியிருக்கு?” என்று கேட்டாராம்.