கைப்பேசிக்குள் ஓர் ஆணையம்

வாடகைக் கார்ச் செயலிகள் துறையை ஒழுங்குபடுத்துகின்றனவா, ஏகபோகம் நடத்துகின்றனவா? இதுதான் இன்றைய தலைப்பு.

சென்ற மாதம் ஒளிப்பதிவு முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பினேன். காரோட்டிய அண்ணன் சொன்னார்: "தங்கச்சி, மூன்று நாள் என் கணக்கை முடக்கிவிட்டார்கள். ஏதோ புகாராம். என்ன புகார், யார் விசாரித்தது, எதுவும் தெரியாது. கார் வாடகையை மட்டும் தவறாமல் கட்டினேன்."

சாலையில் தவறு செய்தால் சம்மன் வரும். என்ன குற்றம் என்று அதில் எழுதியிருக்கும். மேல்முறையீடும் செய்யலாம். செயலி தரும் தண்டனையில் அவருக்கு இந்த இரண்டுமே கிடைக்கவில்லை.

வாடகைக் கார் ஓட்டுவதற்கான தொழில் உரிமம் தருவது நிலப் போக்குவரத்து ஆணையம்தான். ஆனால் யாருக்கு எந்தப் பயணம், எவ்வளவு கட்டணம், எவ்வளவு கழிவு என்பதைத் தீர்மானிப்பது செயலி. இதில் நன்மையும் உண்டு. கட்டணம் முன்கூட்டியே தெரிகிறது. ஓட்டுநர் யார் என்ற பதிவும் இருக்கிறது. இரவில் தனியாக வரும் என்னைப் போன்ற பெண்களுக்கு அது பெரிய தைரியம்.

அப்படியானால் சிக்கல் எங்கே? போட்டியாளர் இல்லாதபோது நிறுவனத்தின் விதியே சட்டமாகிவிடுகிறது. 2018 மார்ச்சில் ஊபரின் தென்கிழக்காசிய வர்த்தகத்தைக் கிராப் வாங்கியது. அதன்பின் சிங்கப்பூரில் கட்டணம் 10 முதல் 15 விழுக்காடு கூடியதாகப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம் கண்டறிந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இரு நிறுவனங்களுக்கும் மொத்தம் 1 கோடியே 30 லட்சம் வெள்ளி அபராதம் விதித்தது. 'எங்களுக்கு மட்டுமே ஓட்ட வேண்டும்' என்று ஓட்டுநர்களைக் கட்டிப்போடக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2024ல் டிரான்ஸ்கேப் டாக்சி நிறுவனத்தை வாங்கும் முயற்சியையும், ஆணையம் ஆட்சேபம் தெரிவித்த பிறகு, கிராப் கைவிட்டது.

இன்று வேறு செயலிகளும் உண்டு. "பிடிக்காவிட்டால் மாறிக்கொள்ளலாமே" என்பீர்கள். ஆனால் பல ஆண்டு உழைத்துப் பெற்ற நற்பெயரும் புள்ளிகளும் கூடவே மாறுவதில்லையே! அங்கே அவர் புதியவர்.

2025 ஜனவரி முதல் நடப்பில் உள்ள தள ஊழியர் சட்டம் மத்திய சேமநிதி, வேலைக்காய இழப்பீடு, பிரதிநிதித்துவம் ஆகியவற்றைத் தந்துள்ளது. வரவேற்போம். ஆனால் என் கருத்தில் இன்னும் ஒன்று வேண்டும். ஒருவரின் பிழைப்பை நிறுத்துமுன் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அவர் பக்கத்தையும் ஒரு மனிதர் கேட்கட்டும். ஆணையம் போல அதிகாரம் செலுத்துகிறவர்கள் ஆணையம் போலப் பதிலும் சொல்ல வேண்டும்.