பத்துக்குப் பத்து ரூம்ல பீரோவை எங்க வைக்கிறது?

இன்னிக்கு எபிசோட் கோடிங் பத்தி இல்ல, சுவர் பத்தி. அதுவும் இன்னும் எழும்பாத ஒரு சுவர்.

திருச்சியில எங்க அப்பா ரிட்டயர்மெண்ட் பணத்தைப் போட்டு ஒரு வீடு கட்டிட்டு இருக்கார். நான் சென்னையில உட்கார்ந்து வாட்ஸாப்ல பிளான் பார்த்து தம்ஸ்-அப் போடுற மகன். பிளான்ல கீழ் பெட்ரூம் 10-க்கு 10 அடி. அம்மா, அப்பா இனிமே படுக்கப்போற ரூம். அதுல ஒரு கட்டில் படம், சுவரோரம் ‘வார்ட்ரோப்’னு ஒரு செவ்வகம். பார்க்க எல்லாமே பொருந்தின மாதிரிதான் இருந்துச்சு.

திங்கட்கிழமை செங்கல் வேலை ஆரம்பம்னு மேஸ்திரி சொன்னதும், சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். செங்கலுக்குச் செங்கல் 120 இன்ச். ரெண்டு பக்கமும் பூச்சு அரை இன்ச் போனா 119. மெத்தை நீளம் 78, ஆனா தலைமாட்டுப் பலகை, கால்மாடு எல்லாம் சேர்த்துக் கட்டில் 82 இன்ச். வார்ட்ரோப் ஆழம் 24. கழிச்சுப் பாருங்க, மிச்சம் 13 இன்ச்.

ஆறு அடி அகல வார்ட்ரோப்புக்கு நாலு கதவு போட்டா ஒரு கதவு 18 இன்ச். 13 இன்ச் இடத்துல 18 இன்ச் கதவு எப்படித் திறக்கும்?

எண்ணைச் சொன்னா வீட்ல யாருக்கும் உறைக்கல. அதனால வாடகை வீட்டு மொட்டை மாடிக்குப் போய் சாக்பீஸ்ல முழு அளவுக்கு அந்த ரூமை வரைஞ்சேன். கட்டில் இருக்கிற இடத்துல பாயை விரிச்சாச்சு. அம்மாவைக் கூப்பிட்டு, “நடந்து பாரும்மா”ன்னேன். முட்டி வலி உள்ள மனுஷி. கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவுல நண்டு மாதிரி பக்கவாட்டுல போனாங்க. பாதி தூரம் போய் நின்னுட்டு, “இதுல ராத்திரி எப்படிடா எந்திரிச்சுப் போறது?”ன்னாங்க. அப்பா அப்பதான் பேப்பரை மடிச்சு வச்சார்.

ஆழத்தைக் குறைக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். ஹேங்கர் சுமார் 17 இன்ச், சட்டையை மாட்டினா கையோட சேர்த்து 20, 21 வந்துடும். உள்ள 22 இன்ச்சாவது வேணும், அதுக்கு மேல கதவு, பின்பலகை. 24-க்குக் குறைச்சா சட்டைத் தோள் கதவுல இடிக்கும். ஸ்லைடிங் கதவுன்னா திறக்க இடம் கேட்காது, ஆனா ரெண்டு தடத்துக்காக இன்னும் மூணு இன்ச் ஆழம் கேட்கும். ஆசாரி வேற ஒரு கணக்கு சொன்னார்: பிளைவுட் ஷீட் 8-க்கு 4 அடி. ரெண்டு அடி ஆழம்னா நடுவுல ஒரே அறுப்பு, வேஸ்ட் கிடையாது.

சரி, வார்ட்ரோப்பைப் பக்கச் சுவருக்கு மாத்தினா? கட்டில் அகலம் 63, அலமாரி 24, மிச்சம் 32. கட்டிலைச் சுவரோட ஒட்டிப் போடணும். சுவர் பக்கம் படுக்கிறவங்க இன்னொருத்தரைத் தாண்டித்தான் இறங்கணும். போதாக்குறைக்கு வாசல் அந்த மூலையில இருந்து நாலே இன்ச் தள்ளி. ரெண்டு அடி அலமாரி பாதி வாசலை அடைச்சுடும்.

கடைசியில கிடைச்ச வழி இதுதான். ரூமுக்கும் ஹாலுக்கும் நடுவுல வர்ற சுவரை, வார்ட்ரோப் நிக்கிற இடத்துல மட்டும் ரெண்டு அடி ஹாலுக்குள்ள தள்ளிக் கட்டுறது. அலமாரி அந்தக் குழிக்குள்ள போயிடும். ரூமுக்கு 119 இன்ச்சும் மிஞ்சும், கட்டிலுக்கு முன்னாடி 37 இன்ச். கதவு திறக்க 18, ஆள் நிக்க 18. போதும்.

அப்பாவுக்குப் பிடிக்கல. “நாலு பேரு வந்து உட்கார்றது ஹால்லதான். அதை ஏன்டா வெட்டுற?” இந்த விஷயத்துல அவர் பக்கமும் நியாயம் இருந்துச்சு, அவர் பணம், அவர் கனவு. திரும்பவும் மொட்டை மாடி, திரும்பவும் சாக்பீஸ். ஹாலையும் வரைஞ்சோம். சுவர் முழுக்க நகரல, ஆறு அடி சொச்சம்தான். தள்ளி வர்ற அந்தச் சுவர்லயே டிவி மாட்டிக்கலாம்னு சொன்னதும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

இன்ஜினியர்கிட்ட கேட்டோம். தூண் கட்டடம், அந்த நாலரை இன்ச் சுவர் பாரம் தாங்கலன்னு பார்த்துட்டு சரின்னார். உங்க வீட்டுச் சுவர் வேற மாதிரி இருக்கலாம், கேட்காம நகர்த்திடாதீங்க. சுவர் காகிதத்துல ஒரு கோடா இருக்கிறப்பவே கண்டுபிடிச்சதால செலவு பெருசா ஏறல. புரொடக்‌ஷனுக்குப் போன பிறகு வர்ற பக் மாதிரி, பூச்சு முடிஞ்ச பிறகுன்னா உடைக்கக் கூலி, அள்ளக் கூலி, அப்பாவோட மௌனம் வேற.

குழி அகலம் பூச்சுக்குப் பிறகு 73 இன்ச். ஆறு அடிக்கு 72 போதும்தான், ஆனா சுவர் எங்கயும் நேர்கோடா இருக்காது. கீழ, நடுவுல, மேலன்னு மூணு இடத்துல அளந்து, அதுல சின்னதை எடுத்துக்கணும்னு ஆசாரி சொன்னார். மிஞ்சுற இடைவெளியை ஒரு பட்டி வச்சு மூடிடுவாங்க.

எல்லாம் முடிச்சுப் பெருமையா டீ குடிக்கிறப்போ அம்மா மெதுவாக் கேட்டாங்க: “என் பீரோ எங்கடா வைக்கிறது?”

கல்யாணச் சீரா வந்த பீரோ. அதை நான் கணக்குலயே சேர்க்கல. வார்ட்ரோப் வந்தா பீரோ போயிடும்னு நானா நினைச்சுக்கிட்டேன். அவங்க புடவையை ஹேங்கர்ல மாட்டுறவங்களே இல்ல, மடிச்சு அடுக்குறவங்க. ரெண்டு அடி ஆழத்துல அடுக்கினா பின்வரிசைப் புடவை அடுத்த தீபாவளிக்குத்தான் வெளிய வரும்.

டேப்பை எடுத்துட்டுப் போய் அளந்தேன். உயரம் 78, அகலம் 36, ஆழம் 19. இப்போ அந்தக் குழியில இடது பக்கம் பீரோவுக்கு 38 இன்ச், வலது பக்கம் அப்பா சட்டைக்கு 35 இன்ச் வார்ட்ரோப். பீரோவைச் சுவரோட ஒட்டாம அஞ்சு இன்ச் முன்னாடி இழுத்து வைக்கணும், இல்லன்னா அதோட கதவு பக்கத்துச் சுவர்ல இடிக்கும். பின்னாடி மிஞ்சுற இடத்துல என்ன வைக்கலாம்னு அம்மா இப்பவே யோசிச்சாச்சு. அட்டைப் பெட்டியாம். மிக்ஸி, ஃபேன், குக்கர் எல்லாத்தோட அட்டைப் பெட்டியும்.