உத்தியோகம் வீடு தேடி வருகின்றது, வீடு ஆயத்தமா?

(கீரிமலையில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நகுலேஸ்வரப் பெருமானின் சந்நிதிக்கும் கடலுக்கும் இடையே, கேணிக்கு அண்மையில் இன்று கூடியிருக்கின்றோம். ஆடி அமாவாசையன்று யாழ்ப்பாணம் முழுவதும் இங்கு திரண்டு வந்து பிதிர்க்கடன் செலுத்துவதை நாம் அறிவோம். இன்று நாம் பேச வந்திருப்பது, முன்னோருக்குச் செலுத்த வேண்டிய கடனைப் பற்றியன்று. பிள்ளைகளுக்குச் செலுத்த வேண்டிய கடனைப் பற்றியாகும்.

இவ்வூர்ப் பிள்ளைகள் சிலருக்கு வேலைக் கடிதம் வந்திருக்கின்றது. அலுவலகம் கடல் கடந்த நாட்டில், நாற்காலி கீரிமலையில். அந்நாட்டில் ஒருவருடைய கணினி இயங்க மறுக்கும். இன்னொருவர் கடவுச்சொல்லை மறந்திருப்பார். அவர் அங்கிருந்து கேட்பார். எங்கள் பிள்ளை இங்கிருந்து விடை கூறும். வேண்டுமாயின், அவருடைய அனுமதியுடன் அவருடைய திரையைத் தன் திரையிற் கண்டு குறையைத் தீர்க்கும். இதனையே தொலைவிலிருந்து தொழில்நுட்ப உதவி அளித்தல் என்கின்றனர்.

"இதுவும் ஓர் உத்தியோகமா?" என்று பெரியவர் ஒருவர் எம்மைக் கேட்டார். கோழி மேய்த்தாலும் கவுண்மேந்திலே மேய்க்க வேண்டும் என்று வளர்ந்த சமூகத்தில் அக்கேள்வி எழுவது இயல்பே. அவருக்கு நாம் வரலாற்றைக் கொண்டே விடை கூறினோம்.

கப்பலேறிய தலைமுறை

1816 இல் தெல்லிப்பழையிலும் 1823 இல் வட்டுக்கோட்டையிலும் மிசனரிமார் தொடங்கிய கல்விக்கூடங்கள் எம்மவர்க்கு ஆங்கிலத்தைக் கொடுத்தன. அந்த ஆங்கிலத்தைக் கொண்டு எம் பாட்டன்மார் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் இலிகிதர்களாய்ப் பணிபுரிந்தனர். அவர்கள் அனுப்பிய பணத்திலேதான் எத்தனையோ நாற்சார் வீடுகள் எழுந்தன. ஆயினும் பிள்ளை வளர்வதைத் தந்தை காணவில்லை. தாய் இறந்த செய்தி தந்தியில் வந்தது.

பின்னர் 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் வந்தது. கொழும்பிலே உத்தியோகம் என்ற கதவும் ஒடுங்கிற்று. 1950 இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இப்பகுதி மக்களுக்கு வீட்டிலிருந்து சென்று திரும்பும் தொழிலைத் தந்தது. 1990 இல் போர் அதனை மூடிற்று. வலிகாமம் வடக்கு மக்களையும் ஊரைவிட்டுத் துரத்திற்று. மீண்டு வந்தவர்கள் பற்றைக் காட்டை வெட்டி, இடிந்த சுவரைக் கட்டி, தூர்ந்த கிணற்றை இறைத்துக் குடியேறினர். 2015 இல் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் திரும்பி வந்தது. ஆனால் அதிலே ஏறிப் போகும் இளைஞர்கள் திரும்பி வருகின்றார்களா என்பதே எமது கவலை.

மீட்டெடுத்த காணியில் குடியிருக்க ஆள் வேண்டாமா? தந்தையின் தோட்டத்தில் மாலையில் ஒரு கை உதவிக்கு மகன் வேண்டாமா? வீட்டிலிருந்து செய்யும் உத்தியோகத்தை நாம் வரவேற்பது அதனாலேயாம்.

இது புதுமையுமன்று. இங்கிலாந்திலே ஸ்ரெபனி ஷேர்லி என்னும் அம்மையார் 1962 இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். பிள்ளை பெற்றமையால் வேலையை விட்ட பெண்கள் தத்தம் வீட்டிலிருந்தே கணினி நிரல் எழுதிக் கொடுத்தனர். வாடிக்கையாளருக்கு வீட்டுச் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஒலியை நாடாவிற் பதிந்து தொலைபேசியருகே ஒலிக்கவிட்டவர் அவர்! தமிழ்நாட்டில் தென்காசிக்கருகே மத்தளம்பாறை என்னும் கிராமத்திலிருந்து சோகோ நிறுவனத்தார் உலகச் சந்தைக்கு மென்பொருள் ஆக்குகின்றனர். கிராமம் என்பது குறையன்று, ஆயத்தமின்மையே குறை.

மின்சாரமும் இணைப்பும்

கமக்காரர்களே, கிணற்றில் நீர் உண்டா என்று பாராமல் நீங்கள் கன்று நடுவதில்லை. இவ்வுத்தியோகத்திற்கு மின்சாரமும் இணைய இணைப்புமே நீர்.

2022 இல் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்தது என்று கூறப்பட்டது. நாடு முழுவதும் இருண்டது. இருண்டது இலங்கை, ஆனால் இலண்டனில் இருப்பவருக்கு அது காரணமாகாது. ஆகவே, மடிக்கணினியின் மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகின்றது என்று முதலில் அளந்து பாருங்கள். இணைய றவுட்டர் பெரும்பாலும் 12 வோல்ற்றில் இயங்கும் சிறு கருவி. அதற்கென்றே விற்கப்படும் சிறிய யூ.பி.எஸ். ஒன்று போதும். ஐப்பசி, கார்த்திகை இடிமுழக்கத்தின்போது இணைப்பைக் கழற்றி வைக்கும் வழக்கமும் வேண்டும். கடற்காற்றின் உப்பு கருவியை அரிக்கும், யன்னலோரம் வைக்காதீர்கள்.

இணைப்பு இரண்டு வேண்டும். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தினுடையனவாய் இருத்தல் வேண்டும். ஒன்று கம்பிவழி, மற்றையது கைத்தொலைபேசி வழி எனின் நன்று. ஒரே கோபுரத்தை நம்பிய இரண்டு சிம் அட்டைகள் ஒரே கிணற்றில் இறக்கிய இரண்டு வாளிகளே.

விளம்பரத்திற் கூறும் வேகத்தைக் கண்டு மயங்கற்க. குரல் அழைப்புக்குச் சிறு வேகமே போதும், தடங்கலின்மையே முக்கியம். எந்நேரத்தில் வேலையோ அந்நேரத்திலேயே ஒரு வாரம் சோதித்துப் பாருங்கள். காலையில் ஓடும் இணைப்பு, ஊரார் அனைவரும் படம் பார்க்கும் இரவு எட்டு மணிக்கு நொண்டலாம். ஒளிநார்க் கம்பியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். அத்துணை விரைவிருந்தும் கனடாவுக்குச் சென்று மீளச் சிறு தாமதம் உண்டு. வாடிக்கையாளர் பேசி முடித்தபின் ஒரு கணம் பொறுத்து விடை கூறினால், ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடும் தொல்லை நீங்கும்.

கடிகாரம் இரண்டு

இலண்டனின் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை என்பது, கோடையில் எமக்குப் பிற்பகல் 1.30 முதல் இரவு 9.30 வரை; மாரியில் 2.30 முதல் 10.30 வரை. ரொறன்ரோவுக்கு வேலை செய்பவர் கோடையில் மாலை 6.30 முதல் நள்ளிரவு தாண்டி 2.30 வரை விழித்திருப்பார். மாரியில் அது இன்னும் ஒரு மணி நேரம் பிந்தும். சிட்னிக்கு வேலை செய்பவர் அவர்களுடைய கோடையில் அதிகாலை 3.30 மணிக்கே இருக்கைக்கு வரவேண்டும்.

வீட்டார் இதனை உணர வேண்டும். விடியும்வரை உழைத்தவன் பகலில் உறங்கினால் அவனைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். "வீட்டிலேதானே இருக்கிறாய், கடைக்குப் போய் வா" என்று வேலை நேரத்தில் ஏவாதீர்கள். ஒரு கதவும், ஒரு மேசையும், அந்நேரத்திற்கு அமைதியும் கொடுங்கள். வாடிக்கையாளரின் கடவுச்சொல்லைத் தாளிலே குறித்து வைத்தலோ, அவருடைய திரையை அயலார்க்குக் காட்டுதலோ ஆகாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டிலேயே உண்டு.

கடிதத்தை வாசியுங்கள்

இனி எமது தொழிலுக்குரிய விடயத்திற்கு வருகின்றோம். முதலில் எமது தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சில காலத்தின் முன் ஒரு பெண்பிள்ளை தன் வேலைக் கடிதத்துடன் எம்மிடம் வந்தாள். மூன்று பக்கக் கடிதம். முதற் பக்கத்திற் சம்பளத்தைக் கண்டோம், மகிழ்ந்தோம், வாழ்த்தி அனுப்பினோம். ஐந்து மாதத்தின் பின் ஒரு மின்னஞ்சலில் வேலை போயிற்று. கடைசி மாதச் சம்பளமும் வரவில்லை. அப்பொழுதுதான் மூன்றாம் பக்கத்தைப் படித்தோம். அவள் ஊழியர் அல்லள், சுயேச்சை ஒப்பந்தகாரர் என்றும், முன்னறிவித்தலின்றி நிறுத்தலாம் என்றும், பிணக்கு எழுந்தால் அந்நாட்டு நீதிமன்றமே விசாரிக்கும் என்றும் எழுதியிருந்தது. கீரிமலைப் பிள்ளை ஒரு மாதச் சம்பளத்திற்காக அந்நாட்டு நீதிமன்றப் படியேறுவது எங்ஙனம்? சட்டம் படித்த நாமே மூன்றாம் பக்கத்தைப் படிக்கவில்லை. அந்த வெட்கமே எம்மை இன்று இம்மேடையில் நிறுத்தியிருக்கின்றது.

ஊழியர் என்றால் என்ன, ஒப்பந்தகாரர் என்றால் என்ன? கணக்காகவே பார்ப்போம். இந்நாட்டில் ஓர் அலுவலக ஊழியருக்கு 1958 ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி 100 ரூபா சம்பளத்திற்கு அவர் 8 ரூபாவும் முதலாளி 12 ரூபாவும் செலுத்த வேண்டும். 1980 ஆம் ஆண்டின் நம்பிக்கை நிதிச் சட்டப்படி முதலாளி மேலும் 3 ரூபா செலுத்த வேண்டும். ஆகவே மாதம் ஓர் இலட்சம் ரூபா சம்பளம் பெறும் ஊழியருக்கு முதலாளி 15,000 ரூபா மேலதிகமாய் வைப்பிலிடுகின்றார்; ஆண்டிற்கு 1,80,000 ரூபா. ஒப்பந்தகாரருக்கு இது கிடையாது. கடை, அலுவலக ஊழியர் பற்றிய 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 45 மணி என வேலை நேரத்தை வரையறுத்தது. பெண்களின் இரவு வேலை பற்றியும் அதிலே தனி விதிகள் உண்டு. ஒப்பந்தகாரர் என்ற பெயர் இந்த வேலிகளுக்கு வெளியே ஒருவரை நிறுத்திவிட முயலும்.

அதற்காக அவ்வேலையை ஏற்க வேண்டாம் என்று கூறோம். இலங்கையிற் கிளையில்லாத நிறுவனம் பெரும்பாலும் அவ்வாறே அமர்த்தும். ஏற்பதாயின், விலையறிந்து ஏற்றுக்கொள்க. ஊழியருக்கு ஓர் இலட்சம் என்றால் ஒப்பந்தகாரர் 1,15,000 கேட்பதே நியாயம். ஒரு மாத முன்னறிவித்தல் கேளுங்கள். கணினியும் இணைப்பும் யார் செலவு என்று எழுத்திற் பெறுங்கள். முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தில் ஒரு பங்கை உங்கள் சொந்தச் சேமநிதியாக வங்கியில் இடுங்கள். வேலை செய்த மணிகளை நாளேட்டிற் குறியுங்கள். வெளிநாட்டுப் பணத்தை வங்கி மூலமே பெறுங்கள். 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டிலிருந்து, ஆண்டு வருமானத்தில் 18 இலட்சம் ரூபா வரை விலக்கும், அதற்கு மேல் இத்தகைய சேவை வருமானத்திற்கு 100 இற்கு 15 என்ற உச்ச வரியும் விதிக்கப்பட்டன. கணக்கு வைத்திருப்பவனுக்கு அச்சமில்லை.

காசு கேட்பவன் வேலை கொடுப்பவன் அல்லன்

இன்னொன்றைத் தாய்மார் கேளுங்கள். வேலை தருவதற்குப் பயிற்சிக் கட்டணம், பதிவுக் கட்டணம், கணினிக்கு முற்பணம் என்று எவர் பணம் கேட்டாலும் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். வேலை கொடுப்பவன் சம்பளம் கொடுப்பான், வாங்கமாட்டான். "உன் வங்கிக் கணக்கிற்குப் பணம் வரும்; வேறொருவருக்கு அனுப்பிவிடு" என்பவன் உங்கள் பிள்ளையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் பார்க்கின்றான். தாய்லாந்திற் கணினி வேலை என்று நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவாடியில் அடைக்கப்பட்டு, பிறரை ஏமாற்றும் வேலைக்குச் சித்திரவதையுடன் பணிக்கப்பட்டனர். 2024 இல் அவர்களிற் சிலர் மீட்கப்பட்டதை நாடறியும். தொழில்நுட்ப உதவி என்று பொய் கூறி முதியோரின் சேமிப்பைப் பறிக்கும் கூட்டங்களும் உலகில் உண்டு. அத்தகைய வேலை என்று அறிந்த கணமே விலகுங்கள். அதனாற் பட்டினி வந்தாலும் பழுதில்லை.

கற்பது நில்லாது

எளிய கேள்விகளுக்கு இப்பொழுது இயந்திரமே விடை கூறத் தொடங்கிவிட்டது. மனிதனிடம் வருவது இயந்திரம் தீர்க்க முடியாத சிக்கலும், கோபமுற்ற வாடிக்கையாளருமே. ஆகவே பொறுமையாய்க் கேட்டலும், கேட்டதைத் தெளிவாய் எழுதி வைத்தலும், அறியாததை "அறிந்து சொல்கின்றேன்" என்று ஒப்புதலும் இத்தொழிலின் அடிப்படை. ஆங்கிலத்தைக் கொச்சையின்றி, நிதானமாய்ப் பேசிப் பழகுங்கள். வெள்ளைக்காரனைப் போல் நடிக்க வேண்டியதில்லை, விளங்கினாற் போதும்.

ஊர் செய்ய வேண்டியவை

பிள்ளை மட்டும் ஆயத்தமானாற் போதாது. ஊரும் ஆயத்தமாக வேண்டும். மூன்று கோரிக்கைகளை இக்கூட்டத்தின் முன் வைக்கின்றோம்.

முதலாவது: வாசிகசாலையில் ஓர் அறையை ஒதுக்கி, மின்கலமும் நல்ல இணைப்பும் வைப்போம். வீட்டில் மின்சாரம் நின்றாலும் பிள்ளை சைக்கிளில் ஐந்து நிமிடத்தில் அங்கு சென்று வேலையைத் தொடரலாம். வெளிநாட்டில் வாழும் எம் உறவினர் தேர்த்திருவிழாவுக்கு அனுப்புவதிற் சிறு பங்கு இதற்குப் போதும்.

இரண்டாவது: ஆலயத்து ஒலிபெருக்கிகள் ஆலய வீதிக்கு அளவாய் ஒலிக்கட்டும். இறைவன் செவிடன் அல்லன். ஆனால் வாடிக்கையாளருக்குத் தவிற்சத்தத்தின் ஊடே எம் பிள்ளையின் குரல் கேளாது.

மூன்றாவது எமது கடன். வேலைக் கடிதத்தில் ஒப்பமிடுமுன் எம்மிடம் கொண்டு வாருங்கள். சனிக்கிழமை மாலைகளில் நாமும் எம் சகசட்டத்தரணிகளும் இவ்வாசிகசாலையில் இருப்போம். கட்டணமில்லை. இம்முறை மூன்றாம் பக்கத்தையும் படிப்போம்.

எம் பாட்டன்மார் உத்தியோகத்தைத் தேடிக் கடல் கடந்தனர். இன்று உத்தியோகம் கடல் கடந்து எம் படலைக்கு வந்து நிற்கின்றது. அதனை உள்ளே அழைக்குமுன் வீட்டை ஒழுங்கு செய்வோம். அவ்வாறு செய்தால், போரினால் வெறிச்சோடிய இம்மண்ணில் இரவு இரண்டு மணிக்கும் ஒரு யன்னலில் விளக்கெரியும். விடிந்ததும் அதே பிள்ளை தந்தையுடன் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சும். அந்த ஊரைக் காணவே நாம் உழைக்கின்றோம்.